பீரோ இலவசம்தான், குட்டி யானை வாடகை யாருடையது?

கேள்வி இது. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு ஒரு குடும்பம் சொந்த ஊருக்குப் போகிறது. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், மெத்தை, பிள்ளையின் புத்தகங்கள் எல்லாவற்றையும் விற்காமல் சும்மாவே கொடுத்துவிடலாம் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அரை மணி நேரத்தில் முப்பது பேர் "எனக்கு" என்றார்கள். ஒரு வாரம் ஆகியும் ஒரு பொருள்கூட வீட்டை விட்டு நகரவில்லை. எங்கே தவறு, பொருளைக் கேட்டவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அந்தக் குடும்பத்தார் கேட்கிறார்கள்.

பொருளைக் கேட்டவர்கள் யாரும் ஏமாற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. "இலவசம்" என்ற சொல்லைப் பார்த்ததும் கை தூக்கிவிட்டார்கள். செலவு அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆறரை அடி இரும்பு பீரோவை மூன்றாம் மாடியிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும். கொண்டுபோகக் குட்டி யானை வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி மாடி ஏற்றக் கூலி, இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு "வேண்டாம்" என்று சொல்லக் கூச்சம், பேசாமல் இருந்துவிடுகிறார். தமிழ்நாட்டில் 2011க்குப் பிறகு அரசுத் திட்டங்களில் "விலையில்லா" என்று எழுதத் தொடங்கினார்களே, அந்தச் சொல்தான் இதற்குச் சரியாகப் பொருந்தும். விலைதான் இல்லை, செலவு உண்டு. அந்தச் செலவை முதல் செய்தியிலேயே சொல்லிவிட்டால் முப்பது பேர் மூன்று பேராகக் குறைவார்கள். அந்த மூன்று பேர் உண்மையில் வருகிறவர்கள்.

செய்தி இப்படி இருந்தால் போதும்:

"இரும்பு பீரோ, கண்ணாடி வைத்தது. உயரம் 78 அங்குலம், அகலம் 36, ஆழம் 19. அடியில் வலது ஓரம் துரு. உள் லாக்கருக்குச் சாவி இல்லை. மூன்றாம் மாடி, லிப்டில் போகாது, படிக்கட்டு வழியாகத்தான் இறக்க வேண்டும். ஆளும் வண்டியும் எடுப்பவர் பொறுப்பு. சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை. வேண்டுபவர்கள் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் வருவீர்கள் என்று எழுதுங்கள். நாளை இரவு 8 மணிக்கு யாருக்கு என்று சொல்கிறேன்."

இதில் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது அளவு. "பெரிய கட்டில்" என்றால் ஐந்தடியா ஆறடியா என்று தெரியாது. குயின் அளவு என்றால் 60-க்கு 78 அங்குலம், கிங் என்றால் 72-க்கு 78. டேப் வைத்து அளந்து எழுதுங்கள், லிப்டின் வாசல் உயரத்தையும் அளந்துவிடுங்கள். ஆறு பேர் போகும் சாதாரண லிப்டில் பீரோவும் வளையாத மெத்தையும் நுழைவதில்லை. வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் வண்டி வாடகை அவர்கள் தலையில் விழும். இரண்டாவது குறை. குறையைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். துருப்பிடித்த மூலையை நெருக்கத்தில் எடுத்த ஒரு படம், நன்றாக இருக்கிற பக்கத்தைக் காட்டும் நான்கு படங்களைவிட அதிக நம்பிக்கை தரும். மூன்றாவது, முடிவு சொல்லும் நேரம்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் மனத்தாங்கல் அதிகம். "முதலில் கேட்டவருக்கு" என்பது நியாயமாகத் தெரியும். ஆனால் அது போனைக் கையிலேயே வைத்திருப்பவருக்குச் சாதகம், இரவுப் பணி முடிந்து தூங்குபவருக்கும் நாள் முழுக்கக் கடையில் நிற்பவருக்கும் பாதகம். அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் நகரில் 2003-இல் தொடங்கிய, வேண்டாத பொருளைச் சும்மா கைமாற்ற உதவும் ஃப்ரீசைக்கிள் அமைப்பு, எந்தச் செய்தியானாலும் அது தருகிறேன் என்பதா, வேண்டும் என்பதா, கொடுத்தாயிற்று என்பதா என்று தலைப்பிலேயே குறிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 2013-இல் வாஷிங்டன் மாநிலத்து பெயின்பிரிட்ஜ் தீவில் தொடங்கிய, அதே மாதிரியான பை நத்திங் குழுக்கள், கொடுப்பவர் ஒரு நாளாவது பொறுத்திருந்து தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம் என்ற பழக்கத்தைப் பரப்பின. இரண்டுமே நம் ஊருக்கு ஒத்துவரும். பெரிய பொருளுக்கு 24 மணி நேரம் காத்திருந்து, நாளும் வண்டியும் தெளிவாக எழுதியவரைத் தேர்ந்தெடுங்கள். வாளி, துடைப்பம், பூந்தொட்டிக்கெல்லாம் இது தேவையில்லை, முதலில் வந்தவர் எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஒருவரைச் சொன்னதும் இரண்டாவது, மூன்றாவது ஆளுக்கும் தனியாகச் செய்தி அனுப்பிவிடுங்கள்: "ஞாயிறு மதியத்துக்குள் அவர் எடுக்காவிட்டால் உங்களுக்கு." சொன்ன நேரத்துக்கு வராதவருக்கு ஒரே ஒரு நினைவூட்டல், அதன் பிறகு ஒரு மணி நேரம். அதுவும் தாண்டினால் அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். இதைக் கறார் என்று நினைக்க வேண்டாம், வரிசையில் நிற்கிற அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை இது. வராமல் போகிறவர்களைக் குறைக்க நூறு, இருநூறு ரூபாய் விலை வைக்கும் பழக்கமும் இருக்கிறது. ஓரளவு பலிக்கவும் செய்கிறது. ஆனால் பணம் கைமாறிய நிமிடமே பேரமும் "சரியாக ஓடவில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் கொடுத்துவிடுவதே நல்லது.

குடியிருப்பின் விதிகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல சங்கங்கள் வெளியே போகும் சாமானுக்கு கேட் பாஸ் கேட்கின்றன. ஞாயிறன்றும் மாலை ஆறுக்கு மேலும் லிப்டில் சாமான் இறக்கக் கூடாது என்று சில இடங்களில் தடை உண்டு. பீரோவை ஏற்றி முடித்த பிறகு வாட்ச்மேன் தடுத்தால் அவமானப்படுவது எடுக்க வந்தவர்தான், "திருடனா?" என்ற பார்வை அவர் மேல்தான் விழும். அதனால் பாஸை முதல் நாளே வாங்கி, வருபவர் பெயரையும் வண்டி எண்ணையும் கேட்டில் கொடுத்துவையுங்கள். வீட்டு எண்ணை எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம், தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் சொல்லுங்கள். எந்தத் தேதியில் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதையும் குழுவில் எழுத வேண்டாம். தனியாக இருப்பவர்கள் சிறிய பொருட்களைக் கீழே கேட் பக்கத்திலோ சங்க அலுவலகத்திலோ வைத்துக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கட்டிலைக் கழற்றுவதற்கு முன் எந்தக் கால் எந்தச் சட்டத்தில் சேர்கிறது என்று பென்சிலால் 1, 2, 3 எழுதுங்கள். போல்ட், வாஷர், ஆலன் கீ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுத் தலைமாட்டுப் பலகையிலேயே ஒட்டிவிடுங்கள். போல்ட் இல்லாத கட்டில் விறகுக்குத்தான் ஆகும். தேக்கு, வேங்கை மரக் கட்டிலை எத்தனை முறை கழற்றினாலும் மறுபடி மாட்டலாம். மரத்தூள் பலகையில் செய்த அலமாரி அப்படியில்லை. திருகு பிடித்த துளை முதல் தடவையிலேயே உதிர்ந்துவிடும். அதைக் கழற்றாமல் முழுதாக எடுத்துப்போக முடிகிறவருக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் பலகைக்கு மட்டும்தான் ஆகும் என்று சொல்லிவிடுங்கள்.

மெத்தையை வாங்கத் தயங்குவதற்குக் காரணம் மூட்டைப்பூச்சி. தையல் ஓரங்களிலும் கட்டில் மூட்டுகளிலும் மிளகுப்பொடி தூவினது போலக் கருப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் கொடுக்காதீர்கள், கட்டிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு நாள் வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்பது தவறு. மெத்தை சூடேறும்போது பூச்சி நிழல் பக்கமாக, உள்ளே நகர்ந்துகொள்ளும். பூச்சி இல்லாத பழைய இலவம்பஞ்சு மெத்தை என்றால் தயங்காமல் கொடுக்கலாம். பஞ்சை அடித்து, வெயிலில் காயவைத்து, புது உறை தைத்துவிட்டால் மறுபடி பல வருஷம் வரும். அமுங்கிப்போன ஃபோம் மெத்தைக்கு அந்த வழி இல்லை.

ஃபிரிட்ஜை முதல் நாள் இரவே அணைத்து, ஐஸ் கரைந்து, துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். நிமிர்த்தியபடியே கொண்டுபோக வேண்டும். வழியில் படுக்கப் போட்டிருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரமாவது கழித்துத்தான் பிளக்கில் மாட்ட வேண்டும். கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், அது திரும்பி வடிவதற்குள் ஓட்டினால் கம்ப்ரஸர் போய்விடலாம். இதை எடுப்பவரிடம் வாயால் சொன்னால் போதாது, ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பிடித்து நிறுத்தும் நீண்ட போல்ட்டுகள் வாங்கும்போதே வந்திருக்கும், தேடி எடுத்துப் பின்பக்கம் மாட்டிவிடுங்கள். அவை இல்லாமல் குட்டி யானையில் குலுங்கிப் போனால் டிரம்மைத் தாங்கும் ஸ்பிரிங்கும் டேம்பரும் அடிபடும். கீழே இருக்கும் ஃபில்டர் மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும்.

"இலவசம்" என்று சொல்லிக் கொடுத்து, வாங்கியவரை அதிகமாகச் செலவில் இழுத்துவிடுவது ஸ்பிளிட் ஏசி. கழற்றும்போது கேஸை வெளியூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் செம்புக் குழாயைப் பிரிக்க வேண்டும். நேரடியாக வெட்டினால் கேஸ் முழுதும் காற்றில் போய்விடும். பிறகு கேஸ் நிரப்ப, ஸ்டாண்டு வாங்க, குழாய் நீளம் பற்றாவிட்டால் வாங்க, மாட்ட என்று சில ஆயிரங்கள் ஆகும். கழற்றும் கூலியைக் கொடுப்பவர் ஏற்பது முறை, மாட்டும் கூலி எடுப்பவருடையது. ஆர்ஓ தண்ணீர் மெஷினும் இந்த வகைதான். மாதக்கணக்கில் ஓடாமல் காய்ந்து கிடந்த மெம்பரேன் (தண்ணீரை வடிகட்டும் சவ்வு) பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்கும். கடைசியாக ஃபில்டர் மாற்றிய தேதியைச் சொன்னால் எடுப்பவரே முடிவு செய்துகொள்வார்.

போனைக் கொடுப்பதானால் முதலில் கூகுள் கணக்கை அல்லது ஆப்பிள் ஐடியை அதிலிருந்து நீக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரீசெட். வரிசை மாறினால் புதியவர் ஆன் செய்யும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளலாம். வாங்குபவர் தன் பக்கத்துக்கு, KYM என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். போன் முடக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பதில் வரும். பில் நகல் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் பாடத்திட்டமும் ஆண்டும் இல்லாமல் "எட்டாம் வகுப்பு புத்தகங்கள்" என்று எழுதிப் பயனில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் சும்மாவே கிடைக்கிறது. தேவைப்படுவது நீட் வழிகாட்டி, அகராதி, சிபிஎஸ்இ புத்தகம் போன்றவை. அதிலும் சிபிஎஸ்இ பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டி 2024-இல் மூன்றாம், ஆறாம் வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் கொண்டுவந்து, பிறகு மற்ற வகுப்புகளுக்கும் மாற்றிவருகிறது. பழையதைப் பாடநூல் என்று கொடுத்தால் பிள்ளை தவறான பாடத்தைப் படிக்கும்.

கொடுக்கவே கூடாதவையும் உண்டு. சமையல் எரிவாயு சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்கள் சொத்து அல்ல, எண்ணெய் நிறுவனத்துடையவை. ஏஜென்சியில் ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்ப வாங்குங்கள். அடுப்பைக் கொடுக்கலாம், ரப்பர் குழாயைக் கொடுக்காதீர்கள். ஒருமுறை விழுந்து அடிபட்ட ஹெல்மெட், மிச்ச மருந்து, உள்ளாடை இவை எதுவும் வேண்டாம். குக்கருக்கு கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் புதிதாக வாங்கிப் போட்டுக் கொடுங்கள், அந்தச் சின்னச் செலவு கொடுப்பவருடையது.

பீரோ கதவை மூடுவதற்கு முன் லாக்கர், இழுப்பறையின் அடிப்பக்கம், காகிதம் விரித்த தட்டுகள் எல்லாவற்றையும் கை விட்டுப் பாருங்கள். பத்திரமும் மூக்குத்தியும் அங்கேதான் மாட்டிக் கிடக்கும்.

இனி கேட்பவர்களுக்கு. "கிடைக்குமா?" என்ற ஒற்றைச் சொல் எதற்கும் உதவாது. அதற்குக் கொடுப்பவர் மறுபடி நான்கு கேள்வி கேட்க வேண்டும், முப்பது பேரிடம் அப்படிக் கேட்க யாராலும் ஆகாது. "சனி காலை 11 மணி, தம்பியும் நானும் வருகிறோம், வண்டி பேசியாயிற்று" என்று எழுதியவருக்குத்தான் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும். உங்கள் கஷ்டத்தை எல்லோர் முன்னாலும் விவரிக்க வேண்டிய அவசியமில்லை. கொடுப்பவரும் அதைக் கேட்கக் கூடாது. யார் அதிகம் கஷ்டப்படுகிறார் என்று போட்டி வைப்பது கேட்பவரைச் சிறுமைப்படுத்தும். வீட்டுக்கே கொண்டுவந்து தர முடியுமா, கூடவே மிக்ஸியும் உண்டா என்றெல்லாம் அடுக்க வேண்டாம். வரும்போது கயிறு, பழைய போர்வை, ஸ்பேனர் கொண்டுவாருங்கள். வர முடியாமல் போனால் ஒரு வரி முன்னாலேயே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபம் வருவது சொல்லாமல் இருப்பதற்குத்தான்.

வந்து பார்த்த பிறகு பிடிக்கவில்லை என்றால் எடுக்காமல் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. "இலவசமாகக் கொடுத்தும் குறை சொல்கிறார்" என்று கொடுப்பவர் முகம் சுளிக்கக் கூடாது. வேண்டாத பொருளைச் சங்கடத்துக்காகச் சுமந்துபோய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டி ஓரத்தில் போடுவதால் யாருக்கு லாபம்?

முன்பணம் கேட்கும் இலவசம் மோசடி. "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, பொருள் சும்மா தருகிறேன், லாரி வாடகையை மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்று வரும் செய்தியை நம்பாதீர்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்பதும் பொய். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் போட வேண்டிய தேவை எப்போதும் இல்லை.

தேவை இருப்பவர் தானாகவே "இது வேண்டும்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாக்கர், சக்கர நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் நோயாளிக் கட்டில் எல்லாம் பல வீடுகளில் பரணில் தூசி படிந்து கிடக்கின்றன, யாராவது கேட்டால்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது கொடையா இரவலா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டியதென்றால் எப்போது, யார் செலவில் என்பதையும் சேர்த்து. ஒருவர் இறந்த பிறகு கொடுக்கும் கட்டில், மெத்தை, துணி என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு அது பொருட்டில்லை, சிலர் தொட மாட்டார்கள். பிறகு வேறு யார் வாயிலாகவோ தெரியவந்தால் மனம் புண்படும். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் பொருள் கொடுக்க மாட்டோம் என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ வாட்ச்மேன் அண்ணனுக்கோ கொடுக்கும்போது. அவர்களால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, அடுத்த நாளும் உங்கள் வீட்டுக்கே வர வேண்டுமே. பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு கிங் சைஸ் கட்டிலைத் தள்ளிவிடுவது கொடையாகாது. தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இதைக் கொடுக்கலாம்னு இருக்கோம். உங்க வீட்டுல இடம் இருக்கா? வேணாம்னா சொல்லிடுங்க, கேட்டுட்டு இருக்கறவங்க இருக்காங்க" என்று சொல்லுங்கள். மறுப்பதற்கு ஒரு வழியைத் திறந்துவைக்கிறது அந்தக் கடைசி வாக்கியம். வேண்டும் என்றால் வண்டி வாடகையையும் நீங்களே கொடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் தீபாவளி போனஸுக்கோ பாக்கிச் சம்பளத்துக்கோ பதிலாகப் பழைய பொருளைக் கொடுக்காதீர்கள். பழைய வாஷிங் மெஷின் ஊதியம் ஆகாது.

துணி விஷயத்தில் நமக்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து, அந்த மக்கள் உடுத்தும் வகையாக இல்லாததால், சாலையோரங்களில் குவிந்து நனைந்து வீணாயிற்று. எல்லாவற்றையும் இழந்து நிற்கிறவரும் கிழிந்ததையும் கறை படிந்ததையும் உடுத்தமாட்டார். துவைத்து, பொத்தான் தைத்து, அளவும் ஆணா பெண்ணா குழந்தையா என்பதும் மூட்டை மேல் எழுதிக் கொடுங்கள். உடுத்த முடியாதது கைப்பிடித் துணிக்கு ஆகட்டும்.

வாங்கிப்போனவர் அதை விற்றுவிட்டார் என்ற புகார் அடிக்கடி எழும். பழைய பீரோவுக்குக் காயலான் கடையில் எடைக்குக் காசு உண்டு என்பதால், அதற்காகவே எடுப்பவர்களும் உண்டு. கொடுத்தபின் அது அவர் பொருள். பயன்படுத்துபவரிடம்தான் போக வேண்டும் என்று மனம் கேட்டால், பொதுவில் போடாமல் தெரிந்தவர் மூலம் ஆளைத் தேடுங்கள். ஓடாத பொருளை "ரிப்பேர் செய்தால் ஓடும்" என்று தள்ளிவிடுவதைவிட, "ஓடாது, உதிரிப் பாகத்துக்கு" என்று எழுதினால் மெக்கானிக் யாராவது சந்தோஷமாக எடுத்துக்கொள்வார். பழைய குண்டு டிவியை மட்டும் உடைக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம், அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் சேர்ப்பதுதான் சரி.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற்றுபவர்கள் குறைவு. பள்ளி முடியும் ஏப்ரல், மே மாதங்களில் எல்லோரும் ஒரே சமயத்தில் கொடுப்பார்கள், கட்டிலுக்கு ஆள் கிடைப்பது கடினம். பெரிய சாமானை மூன்று வாரம் முன்பே அறிவியுங்கள். ஃபிரிட்ஜ், கட்டில் போலக் கடைசி நாள் வரை வேண்டியதற்கு ஆளை முன்பே பிடித்துவைத்து, இரண்டு நாள் முன் உறுதி கேளுங்கள். எடுத்துப்போன உடனே "கொடுத்தாயிற்று" என்று குழுவில் எழுதி, காத்திருந்தவர்களுக்கும் தனியாகச் சொல்லிவிடுங்கள். சாவி ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போதும் மிஞ்சியிருப்பதற்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், காயலான் கடைக்காரரை வரச்சொல்லி எடைபோட்டுக் கொடுத்துவிடுங்கள்.